இடம் போட்டு வைத்த கோப்பு

என்னை உட்காரச் சொல்லாதீர்கள். நாற்காலியில் உட்கார்ந்தால் எனக்குப் பேச்சு வராது. தொழிற்சாலையில் சர்வர் அறைக்கும் உற்பத்தி லைனுக்கும் நடுவே நடந்தே பாதி வாழ்க்கையைக் கழித்தவள் நான். ரிடயர் ஆன பிறகும் டிவியைக்கூட நின்றுகொண்டுதான் பார்க்கிறாய் என்று என் வீட்டுக்காரர் குறைப்பட்டுக்கொள்கிறார். அதனால் நான் நடந்துகொண்டே சொல்கிறேன். நீங்கள் கழுத்தைத் திருப்பித் திருப்பிக் கேளுங்கள்.

நாளையிலிருந்து நீங்கள் ஆளுக்கொரு தொழிற்சாலையின் பயிற்சிக்கூடத்தில் நிற்கப் போகிறீர்கள். எதிரே டிப்ளமா முடித்த பிள்ளைகள். பொதுவில் வைத்திருக்கும் கோப்புகளை எப்படித் திறப்பது, எங்கே சேமிப்பது என்று சொல்லிக்கொடுப்பதுதான் உங்கள் முதல் வகுப்பு. இதில் என்ன இருக்கிறது, டீ வருவதற்குள் முடித்துவிடலாம் என்று உங்களில் சிலர் முகத்திலேயே தெரிகிறது. முடித்துவிடலாம்தான். பாதை, பாஸ்வேர்டு எல்லாம் கையேட்டில் இருக்கிறது, அதற்கு நான் வேண்டாம். நான் சொல்ல வந்தது முத்துலட்சுமி என்ற பயிற்சிப் பெண்ணின் வேலை போகவிருந்த ஒரு பிற்பகலைப் பற்றி.

எங்கள் கம்பெனி கார் சீட்டுகளுக்கான இரும்புச் சட்டம் செய்தது. இருங்காட்டுக்கோட்டையில் ஒரு யூனிட், ஓரகடத்தில் ஒரு யூனிட். இரண்டுக்கும் பொதுவாக, என் பராமரிப்பில், கம்ப்யூட்டரில் ஒரு கோப்பறை உண்டு, எல்லோரும் அதை ‘பி டிரைவ்’ என்போம். எந்த யூனிட்டில் உட்கார்ந்து திறந்தாலும் அதே பெயர், அதே கோப்புகள். பிள்ளைகள் அது ஒரே அலமாரி என்றுதான் நினைப்பார்கள். உண்மையில் அலமாரி இரண்டு. இங்கே ஒரு சர்வரில் ஒரு பிரதி, அங்கே ஒரு சர்வரில் ஒரு பிரதி. இங்கே ஒருவர் மாற்றினால் அது அங்கே போய்ச் சேரும், அங்கே மாற்றினால் இங்கே வரும். இரண்டு பேரும் ஒரே கோப்பில் கைவைத்துவிட்டால், யார் கடைசியாகச் சேமித்தாரோ அவருடையது நிற்கும், மற்றது ஓரங்கட்டப்படும். ஊர் உலகமெல்லாம் இப்படித்தான் ஓடுகிறது. எங்கள் கம்பெனியில் மட்டும் இதற்கு ஒரு தனி வியாதி வந்தது.

அந்த வியாதி கம்பெனி பஸ்ஸிலிருந்து வந்தது. உங்களுக்கே தெரியும், ஓரகடத்தில் ஏறுகிறவர்கள் ஸ்ரீபெரும்புதூரிலும் இருங்காட்டுக்கோட்டையிலும் ஏறப்போகிற கூட்டாளிக்காகக் கைக்குட்டை போட்டு சீட் பிடித்து வைப்பார்கள். கைக்குட்டை இல்லையென்றால் டிபன் பை, அதுவும் இல்லையென்றால் ஐடி கார்டு. கைக்குட்டை கிடக்கிற சீட்டில் மேனேஜரே ஆனாலும் உட்காரமாட்டார். அது ஒரு சட்டம். அந்தச் சட்டத்தை நம் ஆட்கள் அப்படியே தூக்கிக்கொண்டு போய் பி டிரைவில் போட்டார்கள். ஷிஃப்ட் தொடங்கியதும் தனக்கு வேண்டிய கோப்பைத் திறந்து வைத்துவிடுவது, பிறகு லைனுக்குப் போய்விடுவது. திறந்திருக்கிற வரைக்கும் அந்த யூனிட்டில் வேறு யாராலும் அதில் எழுத முடியாதே! நான் ஒவ்வொரு கம்ப்யூட்டராகப் போய் மூடிக்கொண்டே வருவேன். “ஐயோ மேடம், அதை ஏன் மூட்றீங்க, நான் இடம் போட்டு வச்சிருக்கேன்” என்று பின்னாலேயே ஒருவர் ஓடி வருவார். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். திட்டுவேன். மறுநாள் மறுபடியும் திறந்து கிடக்கும்.

சரி, முத்துலட்சுமிக்கு வருகிறேன். சங்கரன்கோவில் பக்கத்துப் பெண். இருங்காட்டுக்கோட்டையில் வாடகை அறை எடுத்து இன்னும் சில பெண்களோடு தங்கியிருந்தாள். பயிற்சிக்காலம் முடிகிற நேரம். முடிந்ததும் சிலரை நிரந்தரமாக எடுப்பார்கள், மற்றவர்களுக்கு ஒரு சான்றிதழைக் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். அவள் தரப்பிரிவில் இருந்தாள். லைனில் இருக்கிற திரைகளில் என்ன வேலையை எப்படிச் செய்ய வேண்டும் என்ற குறிப்பு ஓடும், இரண்டு யூனிட்டுக்கும் பொதுவாக பி டிரைவில் இருக்கும் அந்தக் குறிப்புக் கோப்பைத் திருத்துவது அவள் பொறுப்பு.

அன்று காலை கார் கம்பெனியிலிருந்து ஒரு மாற்றம் வந்தது. சீட் சட்டத்தில் ஒரு போல்ட்டை நாற்பத்தைந்து அளவுக்கு இறுக்கிக்கொண்டிருந்தோம். இனிமேல் ஐம்பத்திரண்டு. முத்துலட்சுமி கோப்பைத் திறந்து மாற்றினாள், சேமித்தாள், லைனுக்குப் போய்த் திரையில் ஐம்பத்திரண்டு வந்துவிட்டதையும் பார்த்தாள். அதோடு அவள் வேலை முடிந்தது. ஆனாலும் அவளுக்குச் சாப்பாட்டுக்குப் பிறகு இருப்புக்கொள்ளவில்லை. மறுபடி லைன் பக்கம் போனாள். திரையில் நாற்பத்தைந்து.

கவனியுங்கள், அவள் பேசாமல் இருந்திருக்கலாம். யாருக்கும் தெரிந்திருக்காது. அவளோ லைனில் நின்றபடியே, “நிப்பாட்டுங்க! நம்பர் தப்பா ஓடுது!” என்று கத்தினாள். லைன் நின்றது. சட்டங்கள் ஏற்றிய லாரி கேட்டுக்கு அருகில் நின்றிருந்தது, அதையும் பிடித்து வைத்தார்கள். காலையில் இறுக்கியது எது, மதியம் இறுக்கியது எது என்று யாருக்கும் பிரித்துச் சொல்ல முடியவில்லை. ஓரகடத்தில் இன்னும் மோசம். அங்கே காலையிலிருந்தே நாற்பத்தைந்துதான் ஓடியிருக்கிறது.

எனக்கு போன் வந்தபோது நான் சர்வர் அறையில் இருந்தேன். ஓட்டமும் நடையுமாகப் போனேன். பயிற்சிக்கூடத்தில் குவாலிட்டி மேனேஜர் ரங்கநாதன் சார் நின்றிருந்தார். கெட்ட மனிதர் இல்லை. ஆனால் அப்போது அவர் கையில் போன் துடித்துக்கொண்டிருந்தது, அந்தப் பக்கம் கார் கம்பெனிக்காரர்கள். கால் மணிக்கொருதரம் காரணம் கேட்கிறார்கள். எதிரே முத்துலட்சுமி, கண்ணெல்லாம் சிவந்து.

“இந்தப் பொண்ணு மாத்தவே இல்ல மேடம். மாத்திட்டேன்னு வாயில சொல்லுது. ஃபைல்ல பாருங்க, கடைசியா சேவ் பண்ணது யாரு? ஓரகடம் பாஸ்கர். இது பேரே இல்ல.”

“நான் போட்டேன் மேடம். திரையில வந்ததை என் கண்ணால பாத்தேன். நான் போட்டேன்னு சொல்லுதேன், சார் நம்ப மாட்டேங்காங்க.”

“போட்டா எங்கம்மா போச்சு? காக்கா தூக்கிட்டுப் போச்சா?” என்று கேட்டுவிட்டு அவர் என் பக்கம் திரும்பிக் குரலைத் தாழ்த்தினார். “மேடம், இதை இழுக்க வேணாம். ட்ரெய்னி தப்பு, ஆளை அனுப்பிட்டோம்னு சொன்னா கஸ்டமர் விட்டுடுவான். நீங்க ஓரகடத்துல இருக்கிறத அப்படியே இங்க இழுத்து டிரைவை க்ளீன் பண்ணிடுங்க. புது நம்பரை நானே உக்காந்து போட்டுடறேன்.”

எனக்குப் பயமாகிவிட்டது. ஏன் என்று சொல்கிறேன். அவர் சொன்ன வழி எல்லோருக்கும் சௌகரியம், எனக்கும்தான். ட்ரெய்னி தப்பு என்றால் கதை அவளோடு முடிந்துவிடும். டிரைவ் தப்பு என்றால் அந்த டிரைவ் யாருடையது? என்னுடையது. அடுத்த மாதம் முழுக்க நான் ஒவ்வொரு மீட்டிங்கிலும் நின்று பதில் சொல்ல வேண்டும். என்னால் பொய் சொல்லாமலே அவளை அனுப்பிவிட முடியும், வாயை மூடிக்கொண்டு அவர் கேட்டதைச் செய்தால் போதும்.

அவர் கேட்டதைச் செய்தால் இன்னொன்றும் நடக்கும். அது அவருக்குத் தெரியாது. ஓரங்கட்டப்பட்ட கோப்புகள் உடனே செத்துப்போவதில்லை. சர்வரில் கண்ணுக்குத் தெரியாத ஒரு மூலையில் போய் விழும். ஆனால் அந்த மூலை சின்னது. புதிதாக வந்து விழ விழ, பழையதை அது வெளியே தள்ளிவிடும். முத்துலட்சுமி மாற்றிய கோப்பு எங்கேயாவது இருந்தால் அங்கேதான் இருக்க வேண்டும். ஓரகடத்திலிருந்து எல்லாவற்றையும் புதிதாக இழுத்தால் பெரிய பெரிய வரைபடங்களாக அந்த மூலையில் வந்து கொட்டும். இவளுடைய ஒரே சாட்சி காணாமல் போய்விடும்.

ரங்கநாதன் சார் “சீக்கிரம் மேடம்” என்கிறார். போன் மறுபடி அடிக்கிறது. என் கை பரபரக்கிறது. எனக்கு இயல்பாகவே கை சும்மா இருக்காது, எதையாவது தட்டிக்கொண்டே இருக்க வேண்டும். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் எனக்கு மேலே ஒருவர் இருந்தார், மகா சிடுமூஞ்சி. ஏதாவது பழுதானால் முதலில் “எல்லாரும் கையை பாக்கெட்ல வைங்க” என்பார். பாக்கெட்டில் கை இருக்கும்போதே யோசித்து முடித்துவிட வேண்டும், வெளியே எடுத்தால் ஒரே ஒரு காரியம்தான் செய்ய வேண்டும். என் சுடிதாருக்கு ஏது பாக்கெட்? நான் கையைக் கட்டிக்கொள்வேன். அன்றைக்கும் கட்டிக்கொண்டேன்.

எது இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது? லைன் நின்றுவிட்டது. லாரி நின்றுவிட்டது. இரண்டு சர்வர்களும் மட்டும் ஒன்றோடொன்று பேசிக்கொண்டு, அந்த மூலையை நிரப்பிக்கொண்டே இருக்கின்றன. கையை எடுத்தேன். இரண்டு சர்வர்களுக்கும் நடுவில் இருந்த போக்குவரத்தை நிறுத்தினேன். மறுபடி கையைக் கட்டிக்கொண்டேன்.

“என்ன பண்ணீங்க?”

“நிறுத்திட்டேன் சார்.”

“நான் இழுக்கச் சொன்னேன், நீங்க நிறுத்தியிருக்கீங்க!”

“ஆமா சார். கத்துறதா இருந்தா கத்திக்குங்க, நான் தேடிட்டு வர்றேன்.”

சர்வர் அறைக்கு ஓடினேன். அந்த மூலையில் கோப்புகள் தங்கள் பெயரோடு கிடக்காது, வால் முளைத்த மாதிரி நீளநீளமான பெயரோடு கிடக்கும். ஒவ்வொன்றாகத் திறந்தேன். டூல் ரூம் வரைபடம், கேன்டீன் பட்டியல், யாரோ வைத்திருந்த பிறந்தநாள் போட்டோ. எரிச்சலில் வாய்விட்டே திட்டினேன். பிறகு ஒன்றைத் திறந்தேன். ஐம்பத்திரண்டு. மாற்றியவர் பெயர் முத்துலட்சுமி. நான் சிலுவைக்குறி போட்டுக்கொண்டது எனக்கே அப்புறம்தான் தெரிந்தது. முதல் காரியமாக அதை வெளியே எடுத்து வேறு இடத்தில் பத்திரப்படுத்தினேன். பிறகு ஓரகடத்தில் சூப்பர்வைசராக இருந்த பாஸ்கருக்கு போன் போட்டேன்.

“பாஸ்கர், அந்த ஃபைல்ல நீ என்னப்பா மாத்தின?”

“நான் இன்னா மேடம் மாத்துனேன்? ஒண்ணுமே மாத்தல. காலைல தொறந்து வச்சிக்கினு லைனுக்குப் பூட்டேன். சோத்துக்கு அப்பால வந்து மூடுனேன். சேவ் பண்ணவான்னு கேட்டுச்சு, யெஸ்னு தட்டுனேன். எப்பவும் அப்டித்தான?”

அவன் சொன்னது அத்தனையும் உண்மை. ஒரு எழுத்துகூட அவன் மாற்றவில்லை, எதையும் மாற்றாவிட்டாலும் மூடும்போது சேமிக்கவா என்று கேட்பது அந்த மென்பொருளின் வழக்கம். அவன் திறந்து வைத்திருந்ததால் முத்துலட்சுமியின் ஐம்பத்திரண்டு ஓரகடத்துக்குள் நுழையவே முடியவில்லை, வாசலிலேயே நின்றது. மதியம் அவன் யெஸ் தட்டியதும் காலையில் இருந்த பழைய நாற்பத்தைந்து அன்றைய தேதியோடு புதுசாகச் சேமிக்கப்பட்டு, இருங்காட்டுக்கோட்டைக்கு வந்து, அவளுடையதைத் தள்ளிவிட்டு உட்கார்ந்துகொண்டது.

பயிற்சிக்கூடத்துக்குத் திரும்பி ரங்கநாதன் சாரிடம் எடுத்த கோப்பைக் காட்டினேன். பார்த்தார். உதட்டைப் பிதுக்கினார்.

“கம்ப்யூட்டர்காரங்க நீங்க எதை வேணா எடுத்துக் காட்டுவீங்க மேடம். சேவ் பண்ண ஃபைல் தானா போகும்னா நான் எப்படி நம்புறது? இத்தனை வருஷமா நானும் சேவ் பண்றேன், ஒண்ணும் போனதில்லையே.”

முத்துலட்சுமி சுவரோரமாக நின்றிருந்தாள். அவளுடைய கூட்டாளிப் பெண் அவள் பையை எடுத்து வந்து கையில் கொடுத்திருந்தாள், எப்படியும் அனுப்பிவிடுவார்கள் என்று. அந்தப் பையைப் பார்த்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“உக்காருங்க சார்” என்றேன். அந்த அதட்டலில் உட்கார்ந்துவிட்டார். பி டிரைவில் ஒரு வெற்றுக் கோப்பு உண்டாக்கி, அது ஓரகடத்துக்கும் போய்ச் சேர்வதற்காகப் போக்குவரத்தைத் திரும்ப ஓடவிட்டேன். பாஸ்கரைப் போனில் வைத்துக்கொண்டு, “அந்தப் புது ஃபைலைத் தொறந்து வை. நான் சொல்ற வரைக்கும் மூடாதே” என்றேன். பிறகு ரங்கநாதன் சாரிடம், “உங்க பேரை அடிங்க சார். சேவ் பண்ணுங்க” என்றேன். அடித்தார். சேமித்தார். மூடித் திரும்பத் திறந்தார். அவர் பெயர் இருந்தது.

“இருக்கே!”

“இருக்கு சார். நல்லா பாத்துக்குங்க. இப்ப மூடுங்க. பாஸ்கர், மூடு. சேவ் பண்ணவான்னு கேட்டா எப்பவும் போல யெஸ் தட்டு.”

கொஞ்ச நேரம் காத்திருந்தோம். அந்தக் கொஞ்ச நேரத்தில் நான் அறைக்குள் எத்தனை நடை நடந்தேனோ தெரியாது. திரும்ப ஓடவிட்ட சர்வர் இந்த நேரம் பார்த்து மக்கர் பண்ணக் கூடாதே என்று மனசு அடித்துக்கொண்டது. “இப்ப திறங்க சார்” என்றேன்.

திறந்தார். வெறும் வெள்ளை. அவர் மவுஸை மேலே தள்ளினார், கீழே தள்ளினார். மூடித் திரும்பத் திறந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். அவர் குரல் உயர்ந்தது.

“நான் போட்டேனே மேடம்! நீங்களும் பாத்தீங்கல்ல? நான் போட்டேன்!”

தான் என்ன சொன்னோம் என்பது அவர் காதுக்கே அப்போதுதான் எட்டியிருக்க வேண்டும். மெதுவாகத் திரும்பி சுவரோரம் பார்த்தார். முத்துலட்சுமி பையைத் தரையில் வைத்துவிட்டு முகத்தைத் துப்பட்டாவில் துடைத்துக்கொண்டாள்.

போன் அடித்தது. அவர் எடுத்தார். “எங்க சிஸ்டத்துல ஒரு கோளாறு சார்” என்று ஆரம்பித்தார். பிறகு, “கண்டுபிடிச்சு லைனை நிறுத்தினது எங்க ட்ரெய்னி” என்றார். மன்னிப்பு என்ற வார்த்தையை அவர் அன்றும் சொல்லவில்லை, பிறகும் சொல்லவில்லை. லாரியிலிருந்து சட்டங்களை எல்லாம் இறக்கி ஒவ்வொரு போல்ட்டாகத் திரும்ப இறுக்கினார்கள். அடுத்து வந்த மீட்டிங்குகளில் நான் நின்று வாங்கிய திட்டை இங்கே சொல்லி உங்களைப் பயமுறுத்த விரும்பவில்லை. வாங்கினேன், அவ்வளவுதான்.

அன்று மாலை பஸ் வந்தது. பாஸ்கர் ஓரகடத்திலேயே ஏறி வழக்கம்போல எனக்கு ஜன்னலோர சீட்டில் கைக்குட்டை போட்டு வைத்திருந்தான். பூந்தமல்லி வரைக்கும் நான் நின்றுகொண்டு போகக் கூடாது என்று தினமும் போடுவான், நான் கேட்டதே இல்லை. அவன் முகம் பேயறைந்த மாதிரி இருந்தது.

“ஏன்டா அதைத் தொறந்தே வச்சிருந்த?” என்று கேட்டேன்.

“யாராச்சும் தெரியாத்தனமா மாத்திடப் போறாங்கன்னுதான் மேடம். சேஃப்டி பார்ட் ஆச்சே.”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அழுகையும்தான். அவனை எப்படித் திட்டுவது? பத்திரமாகப் பார்த்துக்கொள்ளத்தான் திறந்து வைத்திருக்கிறான். அவன் கைக்குட்டையை எடுத்து அவன் கையிலேயே கொடுத்துவிட்டு, நின்றுகொண்டே போனேன். கோபத்தில் இல்லை. உட்கார முடியவில்லை, அவ்வளவு படபடப்பு இன்னும் உடம்பில் இருந்தது.

அதனால்தான் சொல்கிறேன், பாதையைச் சொல்லிக்கொடுக்கும் முன் பிள்ளைகளை இரண்டிரண்டு பேராக உட்காரவைத்து, ஆளுக்கொரு யூனிட்டின் பிரதியில் ஒரே கோப்பைத் திறக்கச் சொல்லுங்கள். ஒருவருடைய பெயர் காணாமல் போகட்டும். “நான் போட்டேன்” என்று கத்தட்டும். சிரிப்பார்கள், சண்டை போடுவார்கள், வகுப்பு ரெண்டுபடும், பரவாயில்லை. பிறகு யாராவது உங்களிடம் வந்து நான் போட்டேன் என்று சொன்னால், ‘உன் பெயரே இல்லையே’ என்று சொல்லும் முன் கையைக் கட்டிக்கொள்ளுங்கள்.

இன்னும் ஒன்று இருக்கிறது, சொல்லிவிட்டுக் கிளம்புகிறேன். மறுநாள் காலை நான் லைன் பக்கம் போனபோது ரங்கநாதன் சார் திரைக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார். திரையில் ஐம்பத்திரண்டு பளிச்சென்று தெரிந்தது. ஆனாலும் லைனை ஆரம்பிக்கச் சொல்லாமல் அங்கேயும் இங்கேயும் பார்த்துக்கொண்டிருந்தார். முத்துலட்சுமி வந்ததும் கூப்பிட்டார்.

“ஏம்மா, நம்பர் இதுதானே? ஆரம்பிக்கச் சொல்லலாமா?”

அவள் திரையைப் பார்த்தாள். முந்தைய நாள் தன் கண்ணால் பார்த்ததை நம்பச் சொல்லிக் கெஞ்சியவள் அவள்.

“இங்க சரியாத்தான் இருக்கு சார்” என்றாள். “கொஞ்சம் இருங்க, ஓரகடத்துல என்ன தெரியுதுன்னு பாஸ்கர் அண்ணன்கிட்ட கேட்டுட்டுச் சொல்லுதேன்.”

அவள் போன் பேசி முடிக்கும்வரை அவர் காத்துக்கொண்டு நின்றார்.